கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த வெளிச்சம்

1605. கோடை முடிகிற சமயம். ரோம் நகரத்தில் ஒரு குறுகலான சந்து. ராத்திரி நேரம். புருதென்ஸியா புரூனி என்கிற அம்மாளின் வீட்டு ஜன்னல் கதவுகள் மேல் சடசடவென்று கற்கள் வந்து விழுகின்றன. எறிந்தது யார் என்பதில் அம்மாளுக்குத் துளியும் சந்தேகமில்லை. நேராகக் கோர்ட்டுக்குப் போய்ப் பெயர் சொல்லியே புகார் கொடுத்துவிட்டார். ஆசாமி அவருடைய முன்னாள் குடித்தனக்காரர். ஆறு மாத வாடகை பாக்கி. போதாததற்கு, வீட்டின் மேல்தளத்தை வேறு உடைத்திருக்கிறார். பாக்கிக்காக அம்மாள் அவருடைய தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்தார். அதற்கு வந்த ரசீதுதான் இந்தக் கல்மாரி.

கல்லெறிந்த ரவுடி யார் தெரியுமா? ஐரோப்பாவின் தேவாலயச் சுவர்களுக்குத் தெய்வீக ஒளி என்றால் என்ன என்று பாடம் நடத்திய மகா ஓவியர்! மிக்கேலாஞ்சலோ மெரிஸி. ஊர்ப் பெயரால் காரவாஜியோ. சிஸ்டைன் சேப்பல் கூரையில் படம் வரைந்த மிக்கேலாஞ்சலோவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் காலமாகி ஏழு வருஷம் கழித்து, 1571-இல் பிறந்தவர் இவர். அவர் கூரையில் வரைந்தார். இவர் கூரையை உடைத்தார்.

சரி, கையில் காசில்லாத கலைஞனா? பாவம், பிழைத்துப் போகட்டுமா? அதுதான் இல்லை. அந்த வீட்டுக்கு வருஷ வாடகை 40 ஸ்கூதி. 1603-இன் தொடக்கத்தில் ஒரே ஒரு படத்துக்கு அவர் வாங்கிய பணம் 125 ஸ்கூதி. மூன்று வருஷ வாடகை போக மிச்சமும் நிற்கும். கணக்கு என்னமோ சரியாகத்தான் வருகிறது. வாடகைதான் வரவில்லை.

மேல்தள விஷயத்தில் அம்மாளும் கொஞ்சம் அசந்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். 1604-இல் போட்ட வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு விசித்திரமான ஷரத்து இருந்தது. கூடத்து மேல்தளத்தில் பாதியைக் குடியிருப்பவர் தன் சொந்தச் செலவில் திறந்துகொள்ளலாம், காலி செய்யும்போது பழையபடி மூடிக் கொடுக்கவேண்டும். சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே விடாத ஹவுஸ் ஓனர்களைப் பார்த்தவர்கள் நாம். கூரையைத் திறக்கிறேன் என்பவரிடம் 'எதுக்குப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

எதற்கு என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய பெரிய கித்தான்களை நிமிர்த்தி வைக்க இடம் வேண்டும் என்பதற்காக என்று ஒரு கட்சி. உச்சியிலிருந்து வெளிச்சம் கொட்டவேண்டும் என்பதற்காக என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஜூலியோ மன்ச்சீனி என்று ஒரு டாக்டர், ஓவியப் பைத்தியம், 1620 வாக்கில் எழுதி வைத்திருக்கிறார்: சுவரெல்லாம் கறுப்பு பூசி, ஒற்றை ஜன்னல் மட்டும் வைத்த அறையில் விழுவதுபோல, மேலிருந்து ஒரே வெளிச்சம். அதுதான் காரவாஜியோ கோஷ்டியின் பாணி. 1672-இல் பெல்லோரி என்கிற எழுத்தாளர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். காரவாஜியோ மாடல்களை வெயிலுக்கே கொண்டுவர மாட்டாராம். மூடிய அறை, கும்மிருட்டு, உயரத்தில் ஒரு விளக்கு, அவ்வளவுதான். தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். தெய்வத்துக்கு எதற்குச் சிரமம் என்று காரவாஜியோ தானே பிய்த்துவிட்டார்.

அதற்கு முன்னால் சாமி படங்களில் வெளிச்சம் எப்படி இருந்தது? நம் கல்யாண வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கும் லைட், பொண்ணுக்கும் லைட், பந்தியில் அப்பளம் நொறுக்குகிற சித்தப்பாவுக்கும் அதே லைட். பின்னால் மலை, ஆறு, மாளிகை, மேகத்துக்கு மேகம் குண்டுக் குழந்தைகளாகத் தேவதூதர்கள். காரவாஜியோ இத்தனையையும் துடைத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு முடிவு எடுத்தார். பேக்ரவுண்டா? கறுப்பு!

என்ன ஒரு ஆன்மிக ஆழம் என்று விமர்சகர்கள் உருகுவார்கள். உருகட்டும். ஆனால் கொஞ்சம் தொழில் கண்ணோடும் பார்ப்போம். அவர் கித்தானுக்கு முதலில் அடர்த்தியான பழுப்புப் பூச்சு கொடுப்பார். வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டும் உயிரைக் கொடுத்து வரைவார். சில இடங்களில் நிழல் என்பது அந்த அடிப்பூச்சுதான், மேலே தூரிகையே படவில்லை! மாளிகை இல்லை, மலை இல்லை. அவர் கையால் போட்ட ஸ்கெட்ச் என்று ஒரு காகிதம்கூட இன்றைக்குக் கிடைக்கவில்லை. ஈரப்பூச்சின் மேல் கூர்முனையால் நாலு கீறல், அதுதான் பிளான். மணிரத்னம் படத்தில் எல்லாரும் இருட்டில் பேசுகிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கிண்டலடித்தோமே, 400 வருஷத்துக்கு முன்னால் ரோமில் போப்பின் மூக்குக்குக் கீழேயே அது நடந்திருக்கிறது.

இப்படிப்பட்டவர் ரோமுக்கு வந்தபோது அவருடைய நிலைமை பரிதாபம். ஆறு வயசில் பிளேக் நோய் அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. மிலானில் ஒரு ஓவியரிடம் நாலு வருஷம் குருகுலவாசம். ரோமில் முதலில் ஒட்டிக்கொண்டது பந்தோல்ஃபோ பூச்சி என்கிற பெரிய சாமியார் வீட்டில். அந்த வீட்டில் தினமும் இலைதழைதான் சாப்பாடு. அங்கிருந்து தப்பித்தவர் அந்தச் சாமியாருக்குச் சூட்டிய பட்டம்: மான்சிஞ்ஞோர் சாலட். பாவம் அந்த மனுஷர், சரித்திரத்தில் இடம் பிடித்தது அந்த ஒரு பெயரால்தான்.

அப்புறம் சேசரி என்கிற பிரபல ஓவியரிடம் பூவும் பழமும் வரைகிற வேலை. அந்தக் கூலிக்காரப் பையன் தனியாக வரைந்த சீட்டாட்டப் படம் ஒன்று கர்தினால் தெல் மோந்தேயின் கண்ணில் பட்டது. ஒரு அப்பாவிப் பணக்காரப் பையனை இரண்டு பேர் சேர்ந்து மொட்டையடிக்கிற காட்சி. கர்தினால் படத்தையும் வாங்கினார், பையனையும் தன் மாளிகைக்கே அழைத்துக்கொண்டார். திருச்சபைக்குள் நம் ஹீரோ நுழைந்தது திருட்டுச் சீட்டு வழியாக.

சான் லூயிஜி தெய் ஃபிரான்செஸி. ரோமில் பிரெஞ்சுக்காரர்களின் கோவில். அங்கே ஒரு சின்ன சேப்பலை 1565-இல் மத்தியூ குவாந்த்ரெல் என்கிற பிரெஞ்சுச் சாமியார் விலைக்கு வாங்கினார். தன் பெயர் மத்தேயு, ஆகவே புனித மத்தேயுவின் கதைதான் சுவரில் வரவேண்டும் என்று ஆசை. டியூப் லைட்டில் பாதி மறைகிற மாதிரி 'உபயம்' எழுதுகிற நம்மூர்ப் பிரமுகர்களின் ஐரோப்பிய அண்ணன் இவர். கர்தினாலாகவும் ஆனார், 1585-இல் போய்ச் சேர்ந்தும் விட்டார். சுவர் காலியாகவே இருந்தது. பிற்பாடு வேலையை எடுத்துக்கொண்ட சேசரி மேல்கூரையை வரைந்துவிட்டு, 'பிஸி, பிஸி' என்று நழுவிவிட்டார். ஆக, 1599-இல் தெல் மோந்தேயின் சிபாரிசில் வேலை காரவாஜியோவுக்கு வந்தது. இரண்டு சுவர், 400 ஸ்கூதி. உபயதாரருக்கு நன்றி சொல்ல உபயதாரர்தான் இல்லை.

இடதுபக்கச் சுவரில் இருப்பது 'மத்தேயுவின் அழைப்பு'. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு மேஜையைச் சுற்றி ஐந்து பேர். தொப்பியில் இறகு, இடுப்பில் வாள், பட்டுச் சட்டை. 1600-ஆம் வருஷத்து ரோம் நகர லேட்டஸ்ட் ஃபேஷன். மத்தேயு வரி வசூல் செய்கிறவர், ஆகவே மேஜையில் காசு. வலது ஓரத்தில் இருவர், வெறுங்காலோடு, பழங்காலப் போர்வையோடு: இயேசுவும் பேதுருவும். இயேசுவின் கை மட்டும் நீண்டு, 'நீ வா' என்கிறது. பாதத்தைப் பாருங்கள், அது ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கூப்பிட்டாயிற்று, வந்தால் வா, எனக்கு வேலை இருக்கிறது!

இப்போது விளக்கு எங்கே என்று தேடுங்கள். படத்தின் நடுவில் பெரிதாக ஒரு ஜன்னல் இருக்கிறது. அட, அதுதானே வெளிச்சத்துக்கு வழி? கிடையாது. அதன் சட்டங்களில் மங்கலாக எதையோ ஒட்டி அடைத்திருக்கிறது, பொட்டு வெளிச்சம் உள்ளே வரவில்லை. வெளிச்சம் வலதுபக்க மேல் மூலையிலிருந்து, இயேசுவின் தலைக்கு மேலாக, சட்டத்துக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு இடத்திலிருந்து சாய்வாக வந்து சுவரில் இறங்குகிறது. அந்தத் திசையில்தான் சேப்பலின் நிஜ ஜன்னலும் பீடத்துக்கு மேலே இருக்கிறது. கில்லாடித்தனத்தைக் கவனியுங்கள்: ஜன்னலைக் காட்டினால் அது ஜன்னல் வெளிச்சம், மறைத்துவிட்டால் அது கடவுள் வெளிச்சம். அந்த மனுஷரின் மொத்த வித்தையும் இந்த ஒரு வரிதான்.

இதில் வேடிக்கை என்ன என்றால், மத்தேயு யார் என்பதே இன்னும் முடிவாகவில்லை. தாடிக்காரர் ஒருவர் விரலை நீட்டி 'நானா?' என்கிறார், ஆகவே அவர்தான் மத்தேயு என்று 400 வருஷமாக ஒரு கூட்டம். இல்லையில்லை, அந்த விரல் பக்கத்தில் இருப்பவனைக் காட்டி 'இவனா?' என்கிறது, மேஜைக் கோடியில் குனிந்த தலை நிமிராமல் காசு எண்ணுகிறானே அந்த இளைஞன்தான் மத்தேயு என்று மறு கூட்டம். கடவுளே வந்து நிற்கிறார், அவன் சில்லறை சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கென்னவோ வருமான வரி இலாகாவில் பார்த்த முகமாகத்தான் தெரிகிறது.

எதிர்ச்சுவரில் மத்தேயுவைக் கொலை செய்கிற காட்சி. அதில் பின்னணி இருட்டில், அலறியடித்து ஓடுகிற கூட்டத்தில், திரும்பிப் பார்த்துக்கொண்டே நழுவுகிற ஒரு முகம் காரவாஜியோ முகம். போலீஸ் வருவதற்கு முன்னால் இடத்தைக் காலி செய்கிற அனுபவம் ரொம்பத் தத்ரூபமாக வந்திருக்கிறது.

படங்களைப் பார்க்க ரோமே திரண்டது. ஓவியர் சங்கத்தின் பெரிய தலை ஃபெதெரிகோ சுக்காரோவும் வந்தார். பார்த்தார். ஜோர்ஜோனே ஏற்கெனவே செய்ததுதானே, இதில் என்ன இருக்கிறது என்கிற பாவனையில் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போனார். சீனியர்கள் எந்தக் காலத்திலும் சீனியர்கள்தான்.

அதே சேப்பலின் நடுப்பீடத்துக்கு 1602-இல் இன்னொரு படம் கேட்டார்கள். மத்தேயு சுவிசேஷம் எழுதுகிறார், தேவதூதர் சொல்லித்தருகிறார். காரவாஜியோ என்ன செய்தார்? மத்தேயுவைப் பள்ளிக்கூடம் பார்க்காத குடியானவரைப்போல உட்காரவைத்து, கால்மேல் கால் போடவைத்து, தேவதூதர் அவர் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்குகிற மாதிரி வரைந்துவிட்டார். மத்தேயுவின் வெறும்பாதம் ஒன்று பீடத்தைப் பார்த்து நீண்டிருந்தது. அதாவது பூசை வைக்கிற சாமியாரின் முகத்துக்கு நேராக! எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்கள். வின்சென்சோ ஜுஸ்தினியானி என்கிற பணக்காரர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பிற்பாடு அது பெர்லினுக்குப் போய், 1945 யுத்தத்தில் அழிந்துவிட்டது. இன்றைக்கு நம் கையில் இருப்பவை பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள். வண்ணமெல்லாம் எரிந்துபோய், வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம்.

பாதத்தில் அவருக்கு அப்படி என்ன மோகமோ, அடுத்தடுத்து அதேதான். சாந்தகோஸ்தீனோ கோவிலில் லொரேத்தோ மாதா படம். வாசலில் நிற்கிற மாதாவின் முன்னால் இரண்டு ஏழைப் பக்தர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். படம் பீடத்துக்கு மேலே இருப்பதால், கும்பிட வருகிறவரின் கண்ணுக்கு நேராக முதலில் தெரிவது அந்த ஆம்பளை பக்தரின் இரண்டு உள்ளங்கால். பாதயாத்திரை வந்த கால், புழுதியும் அழுக்குமாக. ஒளி எங்கே விழவேண்டுமோ அங்கே கனகச்சிதமாக விழுந்திருக்கிறது! ஜனங்கள் கசமுசவென்று ஒரே கூச்சல் போட்டார்களாம். எழுதி வைத்தவர் ஜொவான்னி பலியோனே. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றெரிச்சலோடு திரும்ப வருவார்.

நம்ம மயிலாப்பூர் தோமையாரையும் விட்டுவைக்கவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாரே, அந்தக் காட்சி. இயேசுவே அவர் கையைப் பிடித்துக் காயத்துக்குள் விரலை விடுகிறார். நெற்றியெல்லாம் சுருக்கம் விழ, டார்ச் அடித்து ஃபியூஸ் பார்க்கிற எலக்ட்ரீஷியன் மாதிரி உற்றுப் பார்க்கிறார் தோமா. அவர் தோள்பட்டையில் பாருங்கள், சட்டைத் தையல் விட்டுப்போயிருக்கிறது. அந்த ஓட்டையிலும் வெளிச்சம்! பரங்கிமலைக்கு ஆங்கிலப் பெயர் கொடுத்த புனிதருக்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிட மனசு வரவில்லை பாருங்கள்.

உச்சக்கட்டம் 'மாதாவின் மரணம்'. வெறுங்கால் துறவிகளின் கோவிலுக்கு வரைந்தது. மேகமும் தேவதூதருமாக மாதா விண்ணுக்குப் போவதை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது, வயிறு உப்பி, கால் நீட்டி, பலகைமேல் கிடக்கிற ஒரு நிஜப் பிணம். மாடலாக இருந்தவள் ஒரு தாசி என்று ஊர் பேசியது. துறவிகள் வாங்க மறுத்தார்கள். அப்போது ரோமில் இருந்த ரூபென்ஸ் என்கிற இளம் ஓவியர், மாந்துவா பிரபுவிடம் 'யோசிக்காமல் வாங்குங்கள்' என்று சொல்லி வாங்கவைத்தார். ஊரை விட்டுப் போகுமுன் 1607-இல் ஒரு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டியதாயிற்று, அவ்வளவு கூட்டம். பிறகு இங்கிலாந்து ராஜா, பிரான்ஸ் ராஜா என்று கைமாறி இப்போது லூவ்ரில் இருக்கிறது. வெறுங்கால் துறவிகளிடம் இருந்திருந்தால் அவர்கள் இன்றைக்குச் செருப்புக் கடையே வைத்திருக்கலாம்.

வேலை இல்லாத நேரத்தில் நம்மாள் என்ன செய்தார்? சண்டை போட்டார். 1604 ஏப்ரல், ஒரு ஹோட்டல். எட்டு ஆர்ட்டிசோக் ஆர்டர் செய்கிறார். தாமரை மொட்டு மாதிரி இருக்கும் ஒரு காய். நாலு வெண்ணெயில், நாலு எண்ணெயில். தட்டு வந்தது. எது வெண்ணெய், எது எண்ணெய் என்று கேட்டார். 'மோந்து பாருங்க, தெரியும்' என்றேன் என்பது சர்வரின் வாக்குமூலம். இல்லை, சர்வரே ஒன்றை எடுத்துத் தன் மூக்கில் வைத்து மோந்து பார்த்தான் என்பது பக்கத்து மேஜைச் சாட்சி. எதுவாயிருந்தாலும் தீர்ப்பு உடனே வழங்கப்பட்டது: மண் தட்டு சர்வரின் முகத்தில். அடுத்து வாளுக்குக் கை போனது. எந்தப் பொருள் எந்த வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று உலகத்துக்கே சொன்ன கண்ணுக்கு, வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை!

அந்த பலியோனே வருகிறார் என்றேனே. அவரும் ஓவியர். காரவாஜியோ பாணியைப் பார்த்து அவரும் இருட்டடிக்க ஆரம்பித்தார். ஒரு கர்தினால் மகிழ்ந்துபோய்த் தங்கச் சங்கிலி போட்டார். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வளைய வந்ததை நம்மாளால் சகிக்க முடியவில்லை. கொஞ்ச நாளில் பலியோனேயையும் சங்கிலியையும் சேர்த்துக் கேவலப்படுத்தி, காது கூசுகிற கெட்ட வார்த்தைகளோடு கவிதைகள் ரோமில் கைக்குக் கை சுற்றின. வாட்ஸ்அப் இல்லாத குறை ஒன்றுதான். 1603-இல் பலியோனே அவதூறு வழக்குப் போட, காரவாஜியோ சிறையிலிருந்து வாக்குமூலம் கொடுத்தார். கவிதையா? எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பலியோனேயை நல்ல ஓவியர் என்று சொல்கிற ஒரு ஓவியரைக்கூட எனக்குத் தெரியாது என்று கோர்ட்டிலேயே பதிவு செய்தார். அவதூறு வழக்கில் இன்னொரு அவதூறு! பலியோனேயும் சும்மா இல்லை. தன் படம் ஒன்றில் தேவதூதரிடம் கையும் களவுமாகப் பிடிபடுகிற சாத்தானுக்குக் காரவாஜியோ முகத்தை வைத்து வரைந்தார். உள்ளதைச் சொன்னால், அந்தச் சாத்தான் முகம்தான் பலியோனே வரைந்ததிலேயே உயிரோட்டமானது.

125 ஸ்கூதி படம் என்றேனே, அது 'கிறிஸ்து கைது'. அதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. யூதாஸ் முத்தமிடுகிறான், சிப்பாய்கள் பாய்கிறார்கள். நடுவில் ஒரு சிப்பாயின் இரும்புக் கவசக் கை பளபளவென்று மின்னுகிறது. வலது ஓரத்தில் எக்கி எட்டிப்பார்த்துக்கொண்டு ஒருவர் லாந்தரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அது காரவாஜியோதான். ஆஹா, கடைசியில் விளக்கைக் காட்டிவிட்டார் என்று சந்தோஷப்படாதீர்கள். கவசத்தின் மினுக்கல் வருகிற திசையைப் பாருங்கள். வெளிச்சம் இடதுபக்க மேலிருந்து வருகிறது. அந்த லாந்தருக்கு இதில் பெரிய வேலை இல்லை. லைட்மேன் வேஷத்தில் வந்து நின்றுகொண்டு, லைட்டை வேறு எங்கிருந்தோ போட்டிருக்கிறார்!

இந்தப் படத்தின் தலையெழுத்தும் இருட்டுதான். பெயரே மாறிப்போய், ஹோன்ட்ஹார்ஸ்ட் என்கிற டச்சுக்காரரின் படம் என்று 1802-இல் கைமாறி, கடைசியில் டப்ளினில் இயேசு சபைச் சாமியார்களின் சாப்பாட்டு அறையில் தொங்கியது. ஐம்பது வருஷத்துக்கு மேல் சாமியார்கள் அதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு சாப்பிட்டிருக்கிறார்கள். 1990-இல் அதைச் சுத்தம் செய்வதற்காகப் பார்க்க வந்த செர்ஜியோ பெனெதெத்திக்குத்தான் பொறி தட்டியது. காரவாஜியோவே ஒரு பழைய உருவப்படத்துக் கித்தானை வருஷக்கணக்கில் மேஜைவிரிப்பாகப் போட்டுச் சாப்பிட்டவர் என்கிறார் பெல்லோரி. ஆகவே சாமியார்கள் மேல் கோபித்திருக்க மாட்டார்.

மீதிக் கதையைச் சுருக்கிவிடலாம், எல்லாம் ஓட்டம்தான். 1606 மே 28, ரனூச்சியோ தொமஸ்ஸோனி என்பவனோடு டென்னிஸ் மைதானம் பக்கம் வாள் சண்டை. பந்தயப் பணமா, பெண் விவகாரமா, பழைய பகையா? எதுவாகவோ இருக்கட்டும், தொமஸ்ஸோனி செத்தான். காரவாஜியோ தலைக்கு மரண தண்டனை. நேப்பிள்ஸுக்கு ஓடி, அங்கிருந்து மால்டாவுக்கு. அங்கே என்ன ஆச்சரியம், கொலைக்குற்றவாளியை 1608 ஜூலையில் மால்டா வீரர்கள் வீரத்திருமகன் பட்டம் கொடுத்துத் தங்கள் சபையில் சேர்த்துக்கொண்டார்கள்! பதிலுக்கு ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு படம், யோவானின் தலை வெட்டப்படுகிற காட்சி. வாழ்நாளில் அவர் கையெழுத்துப் போட்டது இந்த ஒரே படத்தில்தான். எங்கே? யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழிகிற ரத்தத்தில். கையெழுத்துக்கு முன்னால் பெருமையாக 'சகோதரர்' என்பதற்கு ஓர் எழுத்து வேறு.

ஆகஸ்டிலேயே அடிதடி. சிறை. கோட்டைச் சிறையிலிருந்து தப்பி சிசிலிக்கு ஓட்டம். டிசம்பர் 1-ஆம் தேதி சபை கூடி, அழுகி நாறுகிற உறுப்பு என்று முறைப்படி அறிவித்து அவரை வெட்டி எறிந்தது. கூட்டம் நடந்த இடம், அந்தப் படம் மாட்டியிருந்த அதே மண்டபம். ஆளை நீக்கினார்கள். படத்தை நீக்கவில்லை. அவ்வளவு பெரிய படத்தை யார் கழற்றுவது?

மன்னிப்புக் கிடைக்கப்போகிறது என்று நம்பி ரோமை நோக்கிப் படகேறியவர் 1610 ஜூலையில் போர்த்தோ எர்கோலே என்கிற கடற்கரை ஊரில் செத்துப்போனார். வயசு 38. பலியோனே நிதானமாக எழுபதைத் தாண்டி வாழ்ந்து, 1642-இல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி வெளியிட்டார். அதில் காரவாஜியோ அத்தியாயமும் உண்டு. மோசமாக வாழ்ந்தான், மோசமாகச் செத்தான் என்று முடித்தார். கேஸில் தோற்றாலும் ஜெயித்தாலும், கடைசியில் பயோகிராஃபி எழுதுகிறவன் கைதான் ஓங்கும்.

ஆனால் இருட்டு பரவிவிட்டது. ஐரோப்பா முழுக்க ஓவியர்கள் விளக்கை அணைத்தார்கள். அந்த ஹோன்ட்ஹார்ஸ்டுக்கு இத்தாலியில் பெயரே 'ராத்திரி கெரார்தோ'. லொரேன் பக்கம் ழோர்ழ் த லா தூர் என்று ஒரு பேக்கரிக்காரர் மகன். அவர் காரவாஜியோவுக்கு நேர்மாறாக விளக்கைப் படத்துக்குள்ளேயே வைத்தார். லூவ்ரில் இருக்கிற 'தச்சர் சூசையப்பர்' படத்தில் குழந்தை இயேசு மெழுகுவர்த்தியைப் பிடித்திருக்கிறார். சுடருக்கு அண்டக் கொடுத்த விரல்கள் செக்கச் சிவந்து, நகத்தின் ஓரம் வரை வெளிச்சம் ஊடுருவுகிறது. சின்ன வயசில் டார்ச் லைட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்திருக்கிறீர்களே, அதே சிவப்பு. இப்படி ஒரு அமைதியை வரைந்தவர் எவ்வளவு சாதுவாக இருக்கவேண்டும்? 1646-இல் ஊர்க்காரர்கள் கொடுத்த மனு இருக்கிறது. இந்த மனுஷர் ஊருக்கே ஜமீன்தார் மாதிரி வேட்டை நாய்களை வளர்த்து, விளைந்த பயிருக்குள் முயல் விரட்டி எங்களை நாசம் செய்கிறார் என்று.

சிற்பி பெர்னினியின் கதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ரோமில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா கோவிலில் அவர் செதுக்கிய புனித தெரேசாவின் மேல் வானத்திலிருந்து ஒளி வழிகிறது. தங்கமுலாம் பூசிய கதிர்களுக்கு மேலே யார் கண்ணிலும் படாமல் ஒரு ஜன்னல் ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டு பக்கச் சுவரிலும் பால்கனி, அதில் காசு கொடுத்த கொர்னாரோ குடும்பத்தார் எட்டுப் பேர் கல்லில். பரவசத்தில் ஒரு புனிதை, பால்கனியில் உபயதாரர் குடும்பம்! அதில் சிலர் தெரேசாவைப் பார்க்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சபாவில் முதல் வரிசை பாஸ்காரர்கள்தான் இவர்கள்.

சரி, ரோமுக்குப் போனால் சான் லூயிஜிக்குப் போய்ப் பாருங்கள். இடதுபக்கக் கடைசி சேப்பல். உள்ளே நுழைந்ததும் ஏமாற்றமாக இருக்கும், ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதில் நாணயம் போட்டால் பளிச்சென்று விளக்கு எரிந்து, இயேசுவின் கையும் தாடிக்காரரின் விரலும் அந்தப் பையன் எண்ணுகிற காசும் துலங்கும். கொஞ்ச நேரத்தில் டப்பென்று அணைந்துவிடும். அடுத்த காசை யார் போடுவார்கள் என்று நாற்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருட்டில் நிற்பார்கள். மத்தேயுவின் வரி வசூல் இன்னும் நிற்கவில்லை. சட்டைப் பையில் சில்லறை வைத்துக்கொண்டு போங்கள்.